கிட்டார் பெட்டி வாங்கிய கதை: கொள்முதலில் நாம் கற்ற பாடம்

மளிகை மொத்த வியாபாரத்துக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். பருப்பு வரத்து, மிளகாய் விலை, வெல்லத்தின் தரம் என்றே எழுதிப் பழகிய நாம், இந்த முறை கிட்டாருக்கு வைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். காரணம் உண்டு.

இன்று நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கிட்டார் வாசிக்கிறார்கள். மெல்லிசைக் குழு, கல்லூரி விழா, மாதா கோவில் பாடற்குழு என்று மேடையும் கிடைக்கிறது. "ஒரு ஆம்ப் வாங்கிக் கொடுங்க" என்று பிள்ளை கேட்கிறது. நமக்கு அது என்னவென்று தெரியாது. மைக் செட் கடையில் கேட்கிறோம். அவர் ஒன்றைக் கொடுக்கிறார். பணம் போகிறது. பணம் மட்டும் போனால் பரவாயில்லை. நம் வீட்டில் அதைவிடப் பெரிதாக ஒன்று போகப் பார்த்தது. மற்றவர்களுக்கு அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதல் தவறு

நம் மகளைத் திண்டிவனத்தில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி நேரு வீதியில் சில்லறை மளிகை. பேரன் கல்லூரிப் படிப்புக்காக விழுப்புரத்தில் நம் வீட்டில் தங்கியிருந்தான். காலையில் ஒரு மணி நேரம் கடையில் உட்காருவான், மாலையில் கிட்டார். நாம் சிறுவனாக இருந்தபோது விழுப்புரம் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் கிறிஸ்துமஸ் சமயத்தில் கிட்டார் வாசிப்பதை வேலிக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறோம். ஆதலால் அந்த ஆசை நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை வாங்கினால் நாலு காயை உடைத்துப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டோம். அரிசி மூட்டை என்றால் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்துத்தான் எடுப்போம். அப்படிப்பட்ட நாம், பேரனைக்கூட அழைத்துப் போகாமல், ஒரு மைக் ஆம்ப்ளிஃபையரையும் ஹாரன் ஒன்றையும் ரூ. 9,000 கொடுத்து வாங்கி வந்து நடுவீட்டில் வைத்தோம்.

பேரன் வாசித்துப் பார்த்தான். தகரத்தில் ஆணி கீறியது போல ஒரு சத்தம். அவன் நம் மனம் நோகக் கூடாதென்று, "நல்லாத்தான் இருக்கு தாத்தா" என்றான். முகம் வேறு சொன்னது.

பொருளில் குற்றமில்லை. பேச்சுக்குச் செய்த பொருளைப் பாட்டுக்கு வாங்கியது நம் குற்றம். இதன் காரணத்தைப் பிறகுதான் விசாரித்து அறிந்தோம். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருள் தருவது மிகச் சிறிய மின்சாரம். அதை வாங்கிக்கொள்ளும் வாசல் சுமார் 10 லட்சம் ஓம் தடை உள்ளதாக இருக்க வேண்டும். மைக் செருகும் வாசல் சில ஆயிரம் ஓம்தான். அதில் செருகினால் கிட்டாரின் மினுமினுப்பு அங்கேயே செத்துவிடும். மேலும், கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கர் சுமார் 5,000 சுழற்சிக்கு மேற்பட்ட கீச்சு ஒலியைத் தானாகவே குறைத்துவிடும். ஹாரனுக்கு அந்த நயம் தெரியாது.

காம்போ என்றால் என்ன?

ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே மரப்பெட்டிக்குள் இருந்தால் அதற்குக் காம்போ என்று பெயர். முன்னால் கடை, பின்னால் கிடங்கு, ஒரே கூரை என்பது போல. ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ஏறலாம். உள்ளே நான்கு பகுதி. கிட்டாரின் சிறு மின்சாரத்தை வளர்க்கும் முன்பகுதி, பேஸ், மிடில், டிரெபிள் என்று ஒலியைப் பதப்படுத்தும் பகுதி, வலிமை கொடுக்கும் பகுதி, கடைசியில் ஸ்பீக்கர்.

பிள்ளைகள் கேட்பது இரண்டு வகை ஒலி. ஒன்று க்ளீன். மணி அடித்தாற்போல் தெளிந்த ஒலி. மற்றொன்று கிரன்ச். முறுக்கைக் கடித்தாற்போல் மொறுமொறுப்பான ஒலி. இந்த இரண்டும் எப்படி வருகின்றன என்பதை நம் தொழிலை வைத்தே விளக்கலாம்.

படியால் அளந்து விற்ற காலத்தை மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தானியத்தைக் கொட்டினால் படிக்கு மேலே கூம்பாகக் குவியும். குவித்த படி ஒன்று, தலை வழித்த படி ஒன்று. கிட்டாரிலிருந்து வரும் மின்னலையும் அப்படித்தான், கூம்பு கூம்பாக வருகிறது. பெட்டிக்குள் இடம் தாராளமாக இருந்தால் கூம்பு கலையாமல் வெளியே வரும். அதுதான் க்ளீன். இடம் போதாமல் கூம்பின் தலை வழிக்கப்பட்டால், மூல ஒலியில் இல்லாத உப ஒலிகள் சேர்ந்து கரகரப்பு உண்டாகும். லேசாக வழித்தால் கிரன்ச். ஒட்ட வழித்தால் டிஸ்டார்ஷன்.

வழிப்பதிலும் இரண்டு விதம். உள்ளங்கையால் வழித்தால் ஓரம் மழுங்கி உருண்டு நிற்கும். வால்வு வைத்த பெட்டி அப்படி. கட்டையால் வழித்தால் வெட்டினாற்போல் நிற்கும். சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டி அப்படி. வால்வு ஒலிக்கு வாசிப்பவர்கள் ஏன் மயங்குகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். இப்போது டிரான்சிஸ்டர் பெட்டியிலும் சுற்றை மாற்றியமைத்து வழிப்பை மென்மையாக்குகிறார்கள். கணினிக் கணக்கால் வால்வின் ஒலியைப் போலச் செய்யும் மாடலிங் பெட்டிகளும் வந்துவிட்டன.

இரண்டு கடைக்காரர்கள்

இந்த இரண்டு ஒலிக்கும் உலகப் புகழ் தேடித் தந்தவர்களில் இருவர் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் என்பது நமக்குப் பெருமை.

ஒருவர் லியோ ஃபெண்டர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஃபுல்லர்டன் ஊரில் 1938-இல் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் செய்த பெட்டிகளை வாசிப்பவர்களிடம் கொடுத்து, என்ன குறை என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினார். 1963-இல் அவர் கம்பெனி வெளியிட்ட ட்வின் ரிவர்ப் என்ற காம்போ, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்டது. சத்தம் கூட்டினாலும் கலங்காத க்ளீன் ஒலிக்கு இன்றும் அதைத்தான் உதாரணம் சொல்கிறார்கள்.

மற்றவர் ஜிம் மார்ஷல். டிரம்ஸ் வாசிப்பவர், வாத்தியார். 1960-இல் லண்டனுக்கு மேற்கே ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை திறந்தார். கடைக்கு வந்த இளைஞர்கள், அமெரிக்கப் பெட்டி விலை அதிகம், தங்களுக்கு வேண்டிய முரட்டு ஒலியும் அதில் இல்லை என்று குறைப்பட்டார்கள். அவர் தம் கடைப் பழுதுபார்ப்பவரை வைத்துக்கொண்டு, ஃபெண்டரின் பேஸ்மேன் என்ற பெட்டியை மாதிரியாக எடுத்து, சொந்தமாகப் பெட்டி செய்தார். வால்வும் ஸ்பீக்கரும் மாறியதால் ஒலியும் மாறியது. காரின் பின்பெட்டியில் அடங்கும்படி ஒன்று வேண்டும் என்று எரிக் கிளாப்டன் கேட்டதால்தான் அவருடைய காம்போ பிறந்தது என்று சொல்வார்கள். 1966-இல் வந்த ஒரு ஆல்பத்தில் கிளாப்டன் அதை முழுச் சத்தத்தில் வைத்து வாசித்தார். கிரன்ச் என்றால் அதுதான் என்று ஆயிற்று.

1975-இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி, வால்வே இல்லாத ஜாஸ் கோரஸ் 120 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. டிரான்சிஸ்டரிலும் பளிங்கு போன்ற க்ளீன் ஒலி வரும் என்று அது நிரூபித்தது. வாடிக்கையாளர் குறையைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் வளர்ந்தார்கள் என்பதே இந்தச் சரித்திரத்தில் நமக்குள்ள செய்தி.

இரண்டாவது தவறு

இதெல்லாம் தெரிவதற்கு முன் நாம் இன்னொரு தவறு செய்தோம். கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவினரிடம் பழைய கிட்டார் காம்போ ஒன்று ரூ. 7,000-க்குக் கிடைத்தது. பேரன் வாசித்துப் பார்த்து, ஒலி பிடித்திருக்கிறது என்றான். சரியான பொருள், மலிவான விலை என்று மகிழ்ந்தோம். பிளக்கை மட்டும் நாம் பார்க்கவில்லை. மூன்று பின்னில் எர்த் பின் பிடுங்கப்பட்டிருந்தது.

திண்டிவனத்தை அடுத்த ஒரு ஊர்த் திருவிழா. ஜெனரேட்டரில் மேடை. பேரன் கிட்டார்க் கம்பியில் கை வைத்துக்கொண்டே பாட வாய் திறந்து மைக்கை நெருங்கினான். உதடு பட்டதும் பின்னால் தூக்கி எறியப்பட்டு விழுந்தான். கூட இருந்த பையன் ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினான். உதட்டில் தீப்புண்ணோடும் தோளில் அடியோடும் பிழைத்தான். இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

நடந்தது இதுதான். கிட்டார்க் கம்பி, வயர் வழியாகப் பெட்டியின் உலோக உடலோடு இணைந்திருக்கிறது. பெட்டிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் எர்த் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். எர்த் இல்லாததால் கசிவு கம்பியிலேயே நின்றது. மைக் வேறொரு ஆம்ப்ளிஃபையர் வழியாக எர்த் ஆகியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் பாலமானது பிள்ளையின் உடம்பு. 1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். அந்தச் செய்தியைப் படித்த இரவு நமக்குத் தூக்கமில்லை.

'ம்ம்ம்' என்ற இரைச்சலைப் போக்க யாரோ எர்த் பின்னைப் பிடுங்கியிருக்கிறார்கள். விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. எடுத்துப் பார்க்காமல் வாங்கியது நாம்.

மகள் அழுதுகொண்டே, "அப்பா, இனிமே இந்தக் கிட்டாரே வேணாம்" என்றாள். பேரன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கிட்டாரை உறையில் போட்டுக் கிடங்கில் மாட்டிவிட்டான். காலையில் கடைக்கு வருவான், சிட்டை எழுதுவான், போவான். அந்த மௌனத்தை இரண்டு மாதம் பார்த்தோம்.

ஒருநாள் சம்பந்தி விழுப்புரம் வந்திருந்தபோது சொன்னார்: "சம்பந்தி, ஒரு லோடு சரக்கு கெட்டுப்போச்சுன்னா கடையையேவா மூடறோம்? எங்கே தப்புன்னு பாத்து அடுத்த லோடை சரியா எடுக்கறோம். புள்ளைக்கும் அதைத்தான் செய்யணும்."

மூன்றாவது முறை

அதன் பிறகு நாம் அவசரப்படவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டோம். பேரனையும் அவன் கிட்டாரையும் அழைத்துக்கொண்டு சென்னை அண்ணா சாலைப் பக்கம் போனோம். மிஸ்கித் என்ற பெயரில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற பழம்பெரும் கடை உள்ள இடம் அது. இரண்டு முறை போய், ஏழெட்டுப் பெட்டிகளைக் கேட்டுப் பார்த்து, மூன்றாம் முறைதான் பணம் கொடுத்தோம். அதில் கற்றதைக் கீழே தருகிறோம்.

1. வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 15 வாட்ஸ் 30 ஆனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். வீட்டில் பழக 10 முதல் 20 வாட்ஸ் ஏராளம். டிரம்ஸ் உள்ள மேடையில் க்ளீன் ஒலி கலங்காமல் நிற்க, டிரான்சிஸ்டர் பெட்டியானால் 40, 50 வாட்ஸ் வேண்டும். வால்வானால் 15, 20 வாட்ஸே மேடைக்கு ஓரளவு ஈடு கொடுக்கும். பெரிய மேடையில் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் வைத்துவிடுவார்கள்.

2. ஸ்பீக்கரைப் பாருங்கள். 8 அங்குலம் பழகுவதற்கு. 10 நடுத்தரம். மேடைக்கு 12. ஒரே வாட்ஸில் ஒரு ஸ்பீக்கர் மற்றொன்றைவிட 3 டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அது வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

3. க்ளீன், கிரன்ச் இரண்டும் வேண்டுமானால் இரண்டு சேனல் உள்ள பெட்டியாக, காலால் மிதித்து மாற்றும் ஸ்விட்ச் சேர்ந்ததாகப் பாருங்கள். கெயின், மாஸ்டர் என்று இரண்டு திருகு தனித்தனியே இருக்க வேண்டும். கெயின் என்பது படியில் எவ்வளவு கொட்டுகிறோம் என்பது. மாஸ்டர் என்பது கடை வாசலுக்கு வெளியே எவ்வளவு விடுகிறோம் என்பது. கெயினைக் கூட்டி மாஸ்டரைக் குறைத்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமல் கிரன்ச் வரும்.

4. வால்வா, டிரான்சிஸ்டரா? வால்வு ஒலி இனிமை என்பதை நாமே கேட்டு ஒப்புக்கொண்டோம். ஆனால் பாரம் அதிகம். மினி லாரியில் குலுங்கும். வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வுப் பெட்டியை இயக்கினால் உள்ளே டிரான்ஸ்பார்மர் போய்விடலாம். ஊர் ஊராகப் போய் ஜெனரேட்டரில் வாசிக்கும் பிள்ளைக்கு நல்ல டிரான்சிஸ்டர் பெட்டியே நம் பக்கத்துக்கு ஏற்றது என்பது நம் அபிப்பிராயம்.

5. பிள்ளையின் சொந்தக் கிட்டாரை வைத்தே சோதிக்க வேண்டும். கடைக் கிட்டார் விலை உயர்ந்ததாக இருக்கும், எந்தப் பெட்டியும் அதில் நன்றாகவே ஒலிக்கும். எல்லாத் திருகையும் நடுவில் வைத்து, எதிரொலி முதலிய அலங்காரங்களை நிறுத்திவிட்டு, முதலில் க்ளீன் கேளுங்கள். ஆறு கம்பியையும் சேர்த்து மீட்டினால் ஆறும் தனித்தனியே காதில் விழ வேண்டும். மேடைச் சத்தத்துக்குக் கூட்டியும் கேளுங்கள். மெதுவாக வைத்தால் எல்லாப் பெட்டியும் க்ளீன்தான்.

6. பிறகு கிரன்ச். மென்மையாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் மொறுமொறுவென்றும் விரலுக்குக் கட்டுப்பட வேண்டும். எப்படி மீட்டினாலும் ஒரே கரகரப்பு என்றால் அது கலப்படச் சரக்கு. கையை எடுத்தபின் இரைச்சல் எவ்வளவு, திருகைத் திருப்பினால் கரகரக்கிறதா என்றும் பாருங்கள்.

7. பெட்டியின் முதுகைப் படியுங்கள். நமது மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் பெட்டி 120 வோல்ட்டாக இருக்கலாம். நேராகச் செருகினால் அன்றே அதன் ஆயுள் முடியும். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லும், பழுது எங்கே பார்ப்பார்கள் என்ற விவரமும் கேட்டு வாங்குங்கள்.

உயிர் காக்கும் நான்கு வார்த்தை

எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள். இரைச்சல் வந்தால், மேடையில் உள்ள கிட்டார்ப் பெட்டிக்கும் மைக் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே போர்டிலிருந்து, ஒரே பேஸிலிருந்து மின்சாரம் எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி ஸ்விட்ச் ஒன்றை மேடை மெயின் போர்டில் போட்டால், கசிவு வந்த கணமே மின்சாரம் நின்றுவிடும். நம் சங்க ஆண்டு விழாவானாலும் கோவில் திருவிழாவானாலும் நன்கொடை கொடுப்பவர்கள் நாம். நன்கொடை எழுதும்போதே, "எர்த் போட்டிருக்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பழைய பெட்டி வாங்குகிறவர்கள் ஒயர்மேனிடம் ஒருமுறை காட்டிச் சோதித்துவிட்டுப் பிள்ளை கையில் கொடுங்கள்.

முடிவாக

நாம் வாங்கியது 50 வாட்ஸ், 12 அங்குலம், இரண்டு சேனல் உள்ள டிரான்சிஸ்டர் காம்போ. விலை ரூ. 21,500. விளம்பரமாகிவிடும் என்பதால் கம்பெனிப் பெயரை எழுதவில்லை. முதலிலேயே இதை வாங்கியிருந்தால் முன்னால் போன ரூ. 16,000 மிச்சமாகியிருக்கும். மகளின் கண்ணீருக்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று மகளும் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தாள். பேரன் முதலில் பிளக்கை அம்மாவிடம் கொடுத்து, "மூணு பின்னும் இருக்கா, பாத்துக்கோம்மா" என்றான். அவள் தொட்டுப் பார்த்துவிட்டுத் தானே செருகினாள். க்ளீனில் ஒரு பாட்டு வாசித்தான். பின் கால் ஸ்விட்சை மிதித்துக் கிரன்ச்சில் ஒன்று. நமக்கு முன்னதுதான் பிடித்தது. மகளுக்குப் பின்னது.

அடுத்த ஆண்டு அதே ஊர்த் திருவிழாவில் மறுபடி வாசித்தான். குடும்பத்தோடு போயிருந்தோம். எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நாமும் சம்பந்தியும் மட்டும் மேடைக்குப் பின்னால் போய், மெயின் போர்டையும் பிளக்கையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தோம்.

இப்போதும் காலையில் பேரன் கடையில்தான். மூட்டை வந்தால் குத்தூசி போட்டு, கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறான். நாம் சொல்லிக் கொடுத்தது பாதி. அந்த எர்த் பின் சொல்லிக் கொடுத்தது மீதி.